ஒலி சரியில்லை என்றால் முதலில் பில்டரைத் தொடாதீர்கள்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

மிக்ஸருக்கும் அம்ப் எனும் பெருக்கிக்கும் நடுவில் ஒரு டி.எஸ்.பி. பொறி, அதாவது ஒலியை எண்களாக்கிக் கையாளும் பெட்டி, வந்து உட்கார்ந்த பிறகு, ஒலி கெட்டால் எல்லோரும் முதலில் கைவைப்பது அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பில்டரில்தான். பிழை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. வயரில், ஸ்பீக்கர் பொக்ஸ் வைத்த இடத்தில், மைக் பிடித்த கோணத்தில், சில வேளை அளந்த முறையிலேயே இருக்கும். கோயில் மண்டபம், கலியாண மண்டபம், திருகோணமலையின் மக்கெய்சர் மைதானம் போன்ற திறந்த வெளி, உப்புவெளிக் கடற்கரை மேடை என்று எங்கே ஒலியமைப்புப் போட்டாலும் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் இவை. ஒவ்வொன்றுக்கும் காசில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில்.

தேவைப்படும் சாமான் அதிகமில்லை. மடிக்கணினி, இரண்டு உள்ளீடும் இரண்டு வெளியீடும் உள்ள ஒரு சவுண்ட் கார்ட், அளவை மைக் ஒன்று, சாய்வில்லாத ஸ்டாண்ட், அளவுநாடா. மென்பொருளுக்கு ரூம் ஈக்யூ விஸார்ட் போதும், இலவசம். கணத்தாக்குத் துலங்கலை, அதாவது ஒரு கணத் தட்டுக்கு ஒலியமைப்பு காட்டும் பதிலை, நாம் இம்பல்ஸ் என்று சொல்கிற அந்த ஒற்றை முள் படத்தை, அது ஸ்வீப் ஒலி (தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரம் வரை ஓடும் ஒலி) விட்டு எடுத்துத் தரும்.

தொடங்கமுன் இரண்டு வேலை. இப்போதுள்ள செட்டிங்கை வேறு பெயரில் சேமியுங்கள். பிறகு எல்லாப் பில்டரையும் ஒருதரம் பைபாஸில் போட்டு, அதாவது பில்டர் வேலை செய்யாமல் ஒலியை நேரே விட்டு, கேளுங்கள். ஆனால் உயர் சுரத்துக்கான ஹோர்னுக்குப் போகும் கிராஸ்ஓவரை (ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று பிரிக்கும் பில்டரை) மட்டும் ஒருபோதும் பைபாஸ் செய்யாதீர்கள். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி நேரே போனால் ஹோர்னின் டயபிரம் ஒரு நொடியில் போய்விடும். பைபாஸிலும் பிழை அப்படியே இருந்தால் அது பைபாஸ் செய்த பில்டரின் பிழை அல்ல.

மைக் திறந்ததும் கூவுகிறது

*எப்போதும் ஒரே சுரத்தில் கூவினால்*

முதலில் மைக்கின் இடம். பொக்ஸ் மைக்குக்கு முன்னால் இருக்க வேண்டும். மண்டபத் தூணுக்கு இடம் விட்டு பொக்ஸைப் பின்னால் தள்ளி வைப்பது நம்மூரில் வழக்கம். அதுதான் பாதிக் கூவலுக்குக் காரணம். அடுத்தது தூரம். ஐயரோ பேச்சாளரோ மைக்குக்கு 40 சென்ரிமீற்றர் தள்ளி நின்றால் 20 சென்ரிமீற்றருக்கு வரச் சொல்லுங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். ஒரு சுரத்தை மட்டும் வெட்டும் எந்த நொச் பில்டரும் அவ்வளவு லாபம் தராது.

மூன்றாவது, திறந்து கிடக்கும் மைக்குகள். பாவிக்காத மைக்கை மூடுங்கள். திறந்த மைக்கின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், கூவாமல் ஒலியைக் கூட்ட இருக்கும் கையிருப்பில் 3 டெசிபல் போகிறது. நான்கு மைக் திறந்திருந்து ஒன்றில்தான் கதைக்கிறார்கள் என்றால் 6 டெசிபல் வீண்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் நொச். பேச்சு மைக்குக்கு 120 ஹேர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ளதை வெட்டும் பில்டர்) போடுங்கள். கூவும் அதிர்வெண்ணை மடிக்கணினியின் ஸ்பெக்ட்ரத்தில் பாருங்கள், காதால் ஊகிக்காதீர்கள். வெட்டு எவ்வளவு ஒடுக்கம் என்று சொல்லும் கியூவை 20 முதல் 30 வரை வைத்து, முதலில் 6 டெசிபல் மட்டும் வெட்டுங்கள். போதாவிட்டால் 9. எடுத்த எடுப்பில் 18 டெசிபல் வெட்டுபவர்களின் ஒலிதான் கடைசியில் டெலிபோன் குரல் போலக் கேட்கும்.

*ஒன்றை அடைத்தால் வேறொரு சுரம் கிளம்பினால்*

மூன்று நொச், மிஞ்சினால் நான்கு. அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேலும் புதுச் சுரம் வந்தால் அந்த மண்டபத்தில் அந்த இடத்தில் அந்த மைக்குக்கு அவ்வளவுதான் ஒலி. பொக்ஸைச் சுவரிலிருந்து திருப்புங்கள், உயர்த்தி ஆட்களை நோக்கிச் சாய்த்து வையுங்கள், அல்லது மைக்கை மாற்றுங்கள். தானியங்கி நொச் பொறி வாங்கினால் தீருமா என்று கேட்பார்கள். நாதஸ்வரத்தின் நீண்ட சுரத்தைக் கூவல் என்று நினைத்து அதையும் வெட்டும் பொறிகள் உண்டு. கச்சேரிக்கு அதை நிறுத்தி வைப்பது நல்லது.

நடுப்பகுதியில் குரல் பள்ளமாகக் கேட்கிறது

பேஸ் இருக்கிறது, "ச்", "ஸ்" எழுத்துகளும் கேட்கின்றன, ஆனால் குரலின் உடம்பு இல்லை. கிராஸ்ஓவர் உள்ள பொக்ஸில் இது வந்தால் சந்தேகம் நேரே கிராஸ்ஓவர் அதிர்வெண்ணுக்குப் போக வேண்டும்.

*முதலில் பிளஸ், மைனஸ்.* எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் 1 ஏர்த், 2 பிளஸ், 3 மைனஸ். திருத்தி ஒட்டிய வயர் ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் கிடந்த பிளக்கின் உள்ளே ஈயம் ஒட்டிய இடம் பச்சையாகப் பூத்திருக்கும். ஒரு முனை அரித்துப் போனால் ஒலி 6 டெசிபல் குறைந்து, மெலிந்து வரும். ஆனாலும் "வேலை செய்கிறது" என்றுதான் தோன்றும். மல்ரிமீற்றரை வைத்து இரண்டு முனைக்கும் மின் தொடர்ச்சி பாருங்கள். அப்படி வைத்திருக்கும்போதே வயரை மெல்ல ஆட்டுங்கள். மீற்றரின் காட்டி துள்ளினால் பிளக்கை வெட்டிப் புதிதாக ஒட்டுங்கள்.

இம்பல்ஸில் இது உடனே தெரியும். பேஸ் ஸ்பீக்கரை மட்டும் தனியாக அளங்கள்: முதல் முள் மேல்நோக்கி நிற்க வேண்டும். அடுத்த பொக்ஸின் பேஸையும் அதேபோல அளங்கள். ஒன்று மேலே, மற்றது கீழே என்றால் ஒரு வயர் மாறியிருக்கிறது. ஒரே வகைப் பொக்ஸ் இரண்டை மட்டுமே இப்படி ஒப்பிடலாம். ஹோர்னையும் பேஸையும் முள்ளின் திசை பார்த்து ஒப்பிட முடியாது, கிராஸ்ஓவர் பில்டரே முள்ளின் வடிவத்தை மாற்றிவிடும்.

*அடுத்தது பில்டரின் வகை.* சரிவு 24 டெசிபல் உள்ள லிங்க்விட்ஸ்–ரைலி வகைக் கிராஸ்ஓவர் போட்டால் ஹோர்னும் பேஸும் ஒரே முனையில் (பிளஸ், மைனஸ் மாறாமல்) இருக்க வேண்டும். 12 டெசிபல் வகை போட்டால் ஒன்றைத் தலைகீழாக்க வேண்டும். யாரோ சரிவை 12இலிருந்து 24க்கு மாற்றிவிட்டு முனையைப் பழையபடி விட்டிருப்பார்கள். இந்தப் பள்ளத்துக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

*மூன்றாவது, தாமதம்.* பேஸ் கோனும் ஹோர்ன் டிரைவரும் ஒரே தளத்தில் இருப்பதில்லை. ஹோர்ன் டிரைவர் 15 சென்ரிமீற்றர் பின்னால் இருந்தால் அதன் ஒலி 0.43 மில்லிசெக்கன் பிந்தும். கிராஸ்ஓவர் 1.2 கிலோஹேர்ட்ஸ் என்றால் அது ஏறத்தாழ அரைச் சுற்று. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். முந்தி வருவதைத்தான் பிந்தச் செய்ய வேண்டும், ஆகவே பேஸுக்கு 0.43 மில்லிசெக்கன் தாமதம் கொடுங்கள். செக்கனுக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் மாதிரி) எடுக்கும், அதாவது 48 கிலோஹேர்ட்ஸில் ஓடும், பொறியில் ஒரு சாம்பிள் நேரத்தில் ஒலி போவது 7.3 மில்லிமீற்றர். 15 சென்ரிமீற்றருக்கு 20, 21 சாம்பிள் வரும்.

சரியா என்று சோதிக்க ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. தாமதத்தைப் போட்ட பிறகு ஹோர்னின் முனையை வேண்டுமென்றே தலைகீழாக்கி அளங்கள். கிராஸ்ஓவர் இடத்தில் ஆழமான, இரு பக்கமும் ஒத்த ஒரு பள்ளம் விழ வேண்டும். பள்ளம் ஆழமாக விழுந்தால் தாமதம் சரி. முனையைத் திரும்பச் சரியாக்கி விடுங்கள். பள்ளம் ஆழமில்லாமல் ஒரு பக்கம் சரிந்து நின்றால் ஐந்து சாம்பிள் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

*இவ்வளவுக்கும் பள்ளம் அசையவில்லை என்றால்* மைக்கை 30 சென்ரிமீற்றர் நகர்த்தி மறுபடி அளங்கள். பள்ளம் வேறு அதிர்வெண்ணுக்கு ஓடினால் அது தரையிலிருந்தோ தூணிலிருந்தோ வரும் எதிரொலி. அதைப் பில்டரால் நிரப்ப முடியாது. நிரப்பப் போனால் பக்கத்துக் கதிரையில் மேடு விழும். இந்த ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக் கொண்டால் டி.எஸ்.பி.யில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி மிச்சம்.

ஹோர்னில் ஒலி கரகரத்தாலோ, இம்பல்ஸ் அளவே அற்பமாக வந்தாலோ டயபிரம் போயிருக்கும். அளவு சரியாகப் பார்த்து மாற்ற வேண்டிய சாமான் அது. டிரைவரின் மொடல் இலக்கத்தோடு திருத்துபவரிடம் கொடுங்கள்.

பின் வரிசையில் குரல் இரட்டையாகக் கேட்கிறது

திறந்த வெளியிலும் நீண்ட மண்டபத்திலும் பாதி வழியில் இன்னொரு சோடிப் பொக்ஸ் வைத்தால் இது வரும். நம்மூர் வெப்பத்தில் ஒலியின் வேகத்தைச் செக்கனுக்கு 350 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். மீற்றருக்கு 2.86 மில்லிசெக்கன். முன் பொக்ஸிலிருந்து பின் பொக்ஸ் 28 மீற்றர் தள்ளி இருந்தால் 80 மில்லிசெக்கன் தாமதம். அதன்மேல் 10 முதல் 15 வரை கூட்டுங்கள். அப்போது காதுக்கு ஒலி மேடையிலிருந்து வருவது போலவே இருக்கும், பின் பொக்ஸ் இருப்பதே தெரியாது.

அளவுநாடாவால் அளந்து போட்ட தாமதமும் சரிவரவில்லை என்றால் இம்பல்ஸ் எடுங்கள். மைக்கைப் பின் வரிசையில் வைத்து, இரண்டு சோடியையும் ஒன்றாக ஒலிக்க விடுங்கள். இரண்டு முள் தெரியும். முன் பொக்ஸின் முள் முதலில், பின் பொக்ஸின் முள் 10 முதல் 15 மில்லிசெக்கனுக்குள் அடுத்ததாக வர வேண்டும். 40, 50 மில்லிசெக்கன் தள்ளி நின்றால் அதுதான் இரட்டைக் குரல். மூன்றாவதாக ஒரு பெரிய முள் நின்றால் அது எதிர்ச் சுவர். அது எத்தனை மில்லிசெக்கன் பிந்தி நிற்கிறதோ அதை 2.86ஆல் வகுத்தால் ஒலி எத்தனை மீற்றர் சுற்றி வந்தது என்று தெரியும். எந்தச் சுவர் என்று நின்ற இடத்திலிருந்தே காட்டிவிடலாம்.

பகலில் போட்ட தாமதத்தை இரவில் மாற்ற வேண்டுமா? வேண்டாம். 33 பாகையில் வேகம் 351, 26 பாகையில் 347. 28 மீற்றருக்கு வித்தியாசம் ஒரு மில்லிசெக்கன்கூட இல்லை. கச்சான் காற்று வீசும் நாளில் தூரத்து ஒலி அலைந்து போவது வேறு விடயம். காற்று ஒலியை வளைத்துவிடும், ட்வீட்டர் ஒலி வந்து வந்து போகும். அதற்கு ஈக்யூவைத் திருகிப் பயனில்லை. பொக்ஸ்களை நெருக்கமாக, கூடுதலாக வையுங்கள்.

பாடுபவருக்குத் தன் குரல் பிந்திக் கேட்கிறது

எஃப்.ஐ.ஆர். பில்டர் (நீண்ட எண் பட்டியலால் இயங்கும் வகை) மொனிட்டர் வழியில், அதாவது பாடுபவர் தன்னைக் கேட்கும் பொக்ஸுக்குப் போகும் வழியில், இருக்கிறதா என்று பாருங்கள். லீனியர்–பேஸ் (இந்தப் பேஸ் அலையின் கட்டம், தாழ்ந்த ஒலி அல்ல) எஃப்.ஐ.ஆர். தன் நீளத்தில் பாதியைத் தாமதமாக வாங்கிக்கொள்ளும். 48 கிலோஹேர்ட்ஸில் 1025 டப் (பட்டியலின் எண்கள்) உள்ளதற்கு 10.7 மில்லிசெக்கன், 4097 டப் உள்ளதற்கு 42.7. முன் பொக்ஸுக்கு அது பெரிதல்ல. மிருதங்கக்காரரின் மொனிட்டருக்கு 42 மில்லிசெக்கன் என்றால் தாளம் குலையும். மொனிட்டர் வழி மொத்தம் 10 மில்லிசெக்கனுக்குள் நிற்க வேண்டும். அங்கே சில எண்களால் மட்டும் இயங்கும் சாதாரண ஐ.ஐ.ஆர். வகை ஈக்யூ பில்டர் போதும்.

எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் பிந்தினால் வழியில் எங்கோ புளூடூத் இருக்கும், அல்லது கணினி வழியாக ஒலி சுற்றி வரும். நேர் வயர் போடுங்கள்.

தவில் அடிக்கு முன்னால் மெல்லிய நிழல் ஒன்று, "ஷ்" என்று உறிஞ்சுவது போல, கேட்டால் அதுவும் லீனியர்–பேஸ் வகையின் வேலை. இம்பல்ஸில் பெரிய முள்ளுக்கு இடப்பக்கம் சிற்றலை தெரியும். சரிவைக் குறையுங்கள் அல்லது மினிமம்–பேஸ் வகைக்கு மாறுங்கள்.

குணகங்களை ஏற்றியதும் பெரும் இரைச்சல், அல்லது முழு அமைதி

குணகங்கள் என்பவை பில்டரைத் தீர்மானிக்கும் எண்கள். இந்தச் சோதனை முழுவதையும் அம்ப் அணைத்த நிலையில், பொறியின் வெளியீட்டு மீற்றரை மட்டும் பார்த்துச் செய்யுங்கள். ஏற்றிய மறுகணமே மீற்றர் சிவப்பில் ஒட்டிக்கொண்டால் பில்டர் நிலைகுலைந்துவிட்டது.

காரணம் அநேகமாக ஐ.ஐ.ஆர். பில்டரின் ஏ1, ஏ2 ஆகிய இரண்டு குணகங்களின் கூட்டல், கழித்தல் குறி. ஒரு மென்பொருள் ஒரு வழக்கத்தில் எழுதும், பொறி மறுவழக்கத்தை எதிர்பார்க்கும். 48 கிலோஹேர்ட்ஸில் தாழ்ந்த அதிர்வெண் பில்டர் என்றால் வழமையான எழுத்தில் ஏ1 ஏறத்தாழ −1.99, ஏ2 ஏறத்தாழ +0.99. உங்கள் பொறியின் கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டில் இவை +1.99, −0.99 என்று இருந்தால் இரண்டின் குறியையும் மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மற்றக் குணகங்களான பி0, பி1, பி2 மூன்றையும் தொட வேண்டாம்.

குறி சரி, ஆனாலும் பேஸ் பில்டர் மட்டும் கோணல் என்றால் தசம தானங்களை எண்ணுங்கள். 30 ஹேர்ட்ஸ் பில்டரில் 1, ஏ1, ஏ2 மூன்றையும் கூட்டினால் வருவது ஏறத்தாழ 0.000015 மட்டுமே. நான்கு தசமத்துக்கு வெட்டினால் அந்த எண்ணே காணாமல் போகும், பில்டரும் அதோடு போகும். எட்டுத் தசமத்துக்குக் குறையாமல் வையுங்கள். விரிதாளில் ஒட்டி எடுப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். கலத்தில் தெரிவதை மட்டும் அது நகல் எடுக்கும். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், முழு அமைதிக்கு அதுவும் ஒரு காரணம்.

எஃப்.ஐ.ஆர். நிலைகுலையாது, ஆனால் அளவு பிசகும். தாழ்ந்ததை மட்டும் விடும் லோபாஸ் பில்டரின் குணகங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 1 வர வேண்டும். 2 வந்தால் 6 டெசிபல் கூடுதல். பொறியின் எல்லைக்கு மேல் டப் உள்ள கோப்பை ஏற்றினால் சில பொறிகள் வாய் திறக்காமல் வாலை வெட்டிவிடும். வரி எண்ணிக்கையைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் பி0 = 1, மற்றதெல்லாம் 0 என்று ஏற்றுங்கள். வந்த ஒலி அப்படியே போக வேண்டும். அதுவே போகவில்லை என்றால் பொறியின் நினைவகமோ பேர்ம்வெயாரோ பழுது, இனி விற்ற இடத்துக்குத்தான்.

பில்டர் வேலை செய்கிறது, ஆனால் தவறான இடத்தில்

சாம்பிள் ரேட், செக்கனுக்கு எத்தனை சாம்பிள் என்பது. வேறு காரணம் தேட வேண்டாம். 44.1 கிலோஹேர்ட்ஸுக்கு வடித்த பில்டரை 48இல் ஓட்டினால் 1200 ஹேர்ட்ஸ் 1306 ஆகும். 48க்கு வடித்ததை 96இல் ஓட்டினால் எல்லாம் இரட்டிக்கும். பொறியின் உள் ரேட் என்ன என்று பார்த்து, அதே ரேட்டில் மறுபடி வடித்து ஏற்றுங்கள்.

100 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் எஃப்.ஐ.ஆர். சொன்னபடி கேட்கவில்லை என்றால் நீளம் போதாது. 48 கிலோஹேர்ட்ஸில் 1024 டப் பிரித்தறியக் கூடியது ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ் இடைவெளியைத்தான். பேஸை ஐ.ஐ.ஆரிடம் விட்டுவிடுங்கள்.

பேஸ் கூட்டியதும் வெடித்துக் கேட்கிறது

60 ஹேர்ட்ஸில் 6 டெசிபல் கூட்டினால் அந்த அதிர்வெண்ணில் அம்புக்கு நான்கு மடங்கு சக்தி வேண்டும். முதலில் டி.எஸ்.பி.யின் உள்ளீட்டு அளவை 6 டெசிபல் குறைத்துக் கேளுங்கள். வெடிப்பு நின்றால் பொறிக்குள்ளேதான் முட்டியிருக்கிறது, சும்மா கிடைத்த திருத்தம். நிற்கவில்லை என்றால் அம்பின் கிளிப் விளக்கைப் பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் கோன் தன் எல்லையைத் தாண்டுகிறது. பொக்ஸின் போர்ட் டியூனிங்குக்கு (காற்றுத் துளை ஒலிக்கும் அதிர்வெண்ணுக்கு) கீழே ஹைபாஸ் போட்டே ஆக வேண்டும். விரலால் கோனை மெல்ல அழுத்தும்போது உரசும் சத்தம் வந்தால் சுருள் போய்விட்டது, கோனும் சுருளும் மாற்றும் ரீகோனுக்குக் கொடுங்கள்.

உறுமல்

ஸ்பெக்ட்ரத்தில் 50 ஹேர்ட்ஸ் தூக்கலாக நின்றால் பெரும்பாலும் ஏர்த் சுற்று, அதாவது ஏர்த் இரண்டு வழியில் இணைந்து வளையமாவது. 100, 200, 300 என்று வரிசையாக, கூர்மையான "ஸ்ர்ர்" ஒலியோடு நின்றால் விளக்கு டிமர் அல்லது அம்பின் மின்வழங்கி.

50 ஹேர்ட்ஸில் நொச் போட்டு மறைப்பது பரவலான பழக்கம். கெட்ட பழக்கம். கியூ 30 உள்ள நொச் அந்த இடத்தில் ஒரு செக்கனுக்கும் மேல் முணுமுணுத்துக்கொண்டே அடங்கும், தவிலின் தொப்பி அடி மங்கிவிடும். ஜெனரேட்டரில் ஓடும்போது அதிர்வெண் 50இல் நிற்பதுமில்லை. நொச் ஓரிடம், உறுமல் ஓரிடம்.

சோதனை வரிசை: மிக்ஸர், டி.எஸ்.பி., அம்ப் மூன்றையும் ஒரே 13 அம்பியர் பிளக்கிலிருந்து எடுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். பாதித் தடவை உறுமல் அங்கேயே நின்றுவிடும். மைக் வயரை மின் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரியுங்கள், கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். மான்கள் திரியும் கோட்டைப் பக்கம் தரையில் வயர் ஓட்டினால் மூடி ஓட்டுங்கள், மான்களுக்கு வயர் என்ன, புல் என்ன. பிறகும் நிற்காவிட்டால் சிக்னல் வழியில் ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் உள்ள டி.ஐ. பொக்ஸ் ஒன்று போடுங்கள்.

பிளக்கின் ஏர்த் முனையைக் கழற்றி உறுமலை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. ஈரக் கையோடு மைக் பிடிக்கும் இடம் கோயில். மைக்கைத் தொட்டால் சுரீரென்றாலோ, மைக் உடலுக்கும் பந்தல் இரும்புக்கும் இடையில் மீற்றர் சில வோல்ற்றுக்கு மேல் காட்டினாலோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உரிமம் உள்ள மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். அது ஒலிக்காரர் திருத்தும் பிழை அல்ல.

இம்பல்ஸ் படமே நம்பும்படி இல்லை

மற்ற எல்லாச் சோதனையும் இந்தப் படத்தில் தங்கியிருப்பதால் இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

*படம் முழுக்கப் புல் முளைத்தது போல இரைச்சல்.* ஸ்வீப் குறுகியது. 48 கிலோஹேர்ட்ஸில் 2,62,144 சாம்பிள் என்றால் 5.46 செக்கன்; அதை இரட்டித்தால் 3 டெசிபல் தெளிவு கூடும். பெரிய மண்டபத்தில் மின்விசிறிகளையும் நிறுத்துங்கள். ஒலியைக் கூட்டுவது கடைசி வழி.

*பெரிய முள்ளுக்கு வெகு முன்னால் சின்னச் சின்ன முட்கள்.* ஸ்வீப் முறையில் திரிபு ஒலி அங்கேதான் போய் விழும். 6 டெசிபல் குறைத்து மறுபடி எடுங்கள். அவை அந்த 6 டெசிபலைவிட அதிகமாகச் சுருங்கினால் அம்போ பொக்ஸோ திணறியிருக்கிறது. பொக்ஸின் உண்மையான இம்பல்ஸ் குறைந்த அளவில் எடுத்ததுதான்.

*சரியாக ஒரே அளவில் இரண்டு முள்.* கணினியின் ஒலி இரண்டு வழியில் மிக்ஸருக்குப் போகிறது, அல்லது மைக் சனல் திரும்பப் பிரதான பொக்ஸுக்குப் போகிறது. மிக்ஸரில் மைக் சனலின் மாஸ்டர் பொத்தானை எடுத்துவிடுங்கள்.

*முள் கூராக இல்லாமல் குழம்பி, ஒவ்வொரு தடவையும் இடம் மாறுகிறது.* யூ.எஸ்.பி. மைக்கும் வேறு சவுண்ட் கார்ட்டும் சேர்த்துப் பாவித்தால் இரண்டின் மணிக்கூடும் ஒத்து ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசமே 5.46 செக்கனில் 13 சாம்பிள் பிசகும். ஒரே சவுண்ட் கார்ட்டில் விட்டு, அதன் இரண்டாவது வெளியீட்டை இரண்டாவது உள்ளீட்டுக்கு வயரால் சுற்றிக் கொடுத்து, அதை நேரக் குறியாக வையுங்கள். கணினியின் ஒலி "மேம்படுத்தல்", இரைச்சல் தணிப்பு, தானாக அளவு கூட்டுதல் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கைத்தொலைபேசி மைக்கை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

*167, 500, 835 ஹேர்ட்ஸ் என்று ஒழுங்கான பள்ளங்கள்.* தரை. பொக்ஸ் 2 மீற்றர் உயரம், மைக் 1.2 மீற்றர், இடைத் தூரம் 4 மீற்றர் என்றால் தரையில் பட்டு வரும் ஒலி 1.04 மீற்றர் சுற்றி, 3 மில்லிசெக்கன் பிந்தி வரும். பள்ளங்கள் இந்த இடங்களில்தான் விழும். மைக்கைத் தரையிலேயே படுக்க வைத்து அளங்கள், பள்ளம் மறையும், அளவு 6 டெசிபல் கூடிக் காட்டும். மண்டபத்துக்குக் கருங்கல் தரை என்றால் இன்னும் துல்லியம்.

*பேஸ் வளைவு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு.* ஜன்னல் நீளத்தை, அதாவது இம்பல்ஸில் எவ்வளவு நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறது என்பதை, பாருங்கள். எதிரொலியை வெட்ட 5 மில்லிசெக்கன் ஜன்னல் போட்டால் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே படத்தில் தெரிவது எதுவும் உண்மையல்ல. அந்தப் படத்தைப் பார்த்துப் பேஸ் பில்டர் போடக் கூடாது.

மற்றவரிடம் கொடுக்கும்போது

அம்ப் பாதுகாப்பு நிலைக்குப் போய் வெளியே வராவிட்டால், பியூஸ் மாற்றிய கையோடு மறுபடி போனால், பொறியிலிருந்து கருகல் வாசனை வந்தால், வெளியீட்டில் மீற்றர் டி.சி. வோல்ற்று காட்டினால் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் பெரிய கொள்ளளவிகளில் மின் தேங்கி நிற்கும்.

கொடுக்கும்போது பொறியை மட்டும் கொடுக்காதீர்கள். சேமித்த செட்டிங் கோப்பு, பைபாஸில் எடுத்த இம்பல்ஸ், பில்டரோடு எடுத்த இம்பல்ஸ், மைக் எங்கே எவ்வளவு உயரத்தில் இருந்தது என்ற குறிப்பு, பொக்ஸின் பின்பக்க மொடல் இலக்கத்தின் படம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பிளக்குகளைப் பைக்குள் போட்டு மூடிக் கொண்டுபோங்கள். திருத்துபவர் பொறியைத் தொடமுன் அவற்றைத்தான் கழற்றிப் பார்ப்பார்.